ஜனாதிபதியைத் தேர்வாளர் குழு தெரிவு செய்யலாமா?

திருகோணமலையில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை, மாநிலவாரியாகத் தெரிவாகும் தேர்வாளர் குழுதான் தெரிவு செய்கிறது. அந்த முறை நீடிக்க வேண்டுமா, மாற்றப்பட வேண்டுமா? சிறிய மாநிலங்களுக்கு அது பாதுகாப்பு என்று எங்கள் குறிப்புகளில் இருக்கிறது. அப்படியானால் இலங்கையிலும் அப்படியொரு முறை இருந்தால் வடக்கு கிழக்கு மக்களுக்கு நன்மைதானே?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஒருவரை மறைமுகமாகத் தெரிவு செய்யும் எந்த முறையும் மாற்றப்பட வேண்டியதே. அமெரிக்காவின் தேர்வாளர் குழுவும் அவ்வாறே. இலங்கையில் அதைக் கொண்டுவந்திருந்தால் நமக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்காது என்பதோடு, இப்போது நம் வாக்குக்கு இருக்கும் பெறுமதியும் போயிருக்கும். ஆனால் பெயரளவிலான, சடங்குக் கடமைகளை மட்டும் செய்யும் ஜனாதிபதியை மறைமுகமாகத் தெரிவு செய்வது முற்றிலும் வேறு விடயம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நம் நாட்டில் நிறைவேற்று ஜனாதிபதி முறையைப் பற்றிய விவாதமும் நெடுங்காலமாகத் தெளிவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

தேர்வாளர் குழு எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தால் "சிறிய மாநிலங்களுக்குப் பாதுகாப்பு" என்ற விளக்கம் எவ்வளவு அரைகுறையானது என்று தெரியும். 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை வரைந்தவர்களுள் பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் நேரடித் தேர்தலை முன்மொழிந்தார். நாடு பெரியது, தூரத்து வேட்பாளரைப் பற்றி மக்களுக்கு எதுவும் தெரியாது என்று சிலர் மறுத்தார்கள். செனட், பிரதிநிதிகள் சபை என்ற இரு சபைகளைக் கொண்ட சட்டவாக்க மன்றமான காங்கிரஸே தெரிவு செய்யட்டும் என்று வேறு சிலர் சொன்னபோது, அப்படித் தெரிவாகிறவர் காங்கிரஸுக்குக் கட்டுப்பட்டவராகிவிடுவார் என்ற அச்சம் எழுந்தது. இவையெல்லாம் நேர்மையான தயக்கங்களே. ஆனால் அந்த ஆண்டு ஜூலை 19ஆம் திகதி ஜேம்ஸ் மடிசன் இன்னொரு காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்: மக்கள் தெரிவே பொருத்தமானது, ஆயினும் தென் மாநிலங்களில் வாக்குரிமை உள்ளவர்கள் வடக்கைவிடக் குறைவு, அடிமைகளின் பெயரால் தெற்குக்கு எந்தச் செல்வாக்கும் கிடைக்காது, தேர்வாளர் முறை இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் எண்ணிக்கைக்குச் சமமான தேர்வாளர்கள் கிடைப்பார்கள்; அந்த எண்ணிக்கையை வகுக்கும்போது ஐந்து அடிமைகள் மூன்று பேராகக் கணக்கிடப்படுவார்கள். வாக்களிக்க முடியாத மனிதர்களின் தலைகளை எண்ணி, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் வாக்குக்கு எடை கூட்டிய ஏற்பாடு அது. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாவைச் சேர்ந்தவர்களே ஜனாதிபதியாக இருந்தார்கள். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அடிமைகளைச் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்த கூடுதல் இடங்கள் இல்லாவிட்டால் ஜெபர்சன் அல்ல, ஜோன் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

இன்றைய நடைமுறை இப்படி. தேர்வாளர்கள் மொத்தம் 538 பேர். பெரும்பான்மைக்கு 270 பேர் வேண்டும். மிகச் சிறிய மாநிலத்துக்கும் 3 பேர் உண்டு. 2020 குடிசன மதிப்பின்படி வயோமிங்கில் சுமார் 1 இலட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஒரு தேர்வாளர். கலிபோர்னியாவில் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு தேர்வாளர். பாடக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த ஏற்றத்தாழ்வோடு நின்றுவிடும். இதைவிடப் பாரதூரமானது, மேய்ன், நெப்ராஸ்கா தவிர்ந்த ஏனைய எல்லா மாநிலங்களிலும், மாநிலத்தில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் போய்ச் சேரும் ஏற்பாடு. இது அரசியலமைப்பில் எழுதப்பட்டதல்ல. மாநிலச் சட்டசபைகள் தத்தமது ஆளும் தரப்புக்கு வாய்ப்பாக ஒன்றன்பின் ஒன்றாக இயற்றிக்கொண்ட சட்டம்; 1836 அளவில் தென் கரோலினா தவிர எல்லா மாநிலங்களும் இதற்குள் வந்துவிட்டன.

விளைவு என்ன என்பது தெரிந்ததுதான். 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்ற அல் கோர், புளோரிடாவில் 537 வாக்குகளால் பின்தங்கியதால் தோற்றார். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 இலட்சத்துக்கும் மேல் கூடுதலாகப் பெற்றுத் தோற்றார். 1876, 1888 ஆகிய ஆண்டுகளிலும் இவ்வாறே நடந்தது. 2020இல் ஜோ பைடன் 70 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் முன்னிலை பெற்றிருந்தும், அரிசோனா, ஜோர்ஜியா, விஸ்கொன்சின் ஆகிய மூன்று மாநிலங்களில் அவருக்குக் கிடைத்த முன்னிலையெல்லாம் சேர்த்து 43 ஆயிரம் வாக்குகளுக்குள்தான். அந்த மூன்றும் மாறியிருந்தால் 269க்கு 269 என்று வந்து, விடயம் பிரதிநிதிகள் சபைக்குப் போயிருக்கும். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரே வாக்கு. கலிபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று.

இதையே நம் நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். நமக்கு 22 தேர்தல் மாவட்டங்கள் உண்டு. அவற்றுக்கு 196 பாராளுமன்ற ஆசனங்கள் பகிரப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டத்தையும் ஒரு மாநிலமாகவும் அதன் ஆசனங்களைத் தேர்வாளர்களாகவும் எடுத்துக்கொண்டு, 2015 ஜனவரியில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் பெறுபேறுகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஆசன எண்ணிக்கைக்கு அதே ஆண்டு ஓகஸ்ட் பொதுத் தேர்தலின் பகிர்வை எடுத்துக்கொள்ளலாம். மைத்திரிபால சிறிசேன வென்ற மாவட்டங்கள் 12: கொழும்பு, கம்பஹா, கண்டி, நுவரெலியா, யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திகாமடுல்ல, திருகோணமலை, புத்தளம், பொலன்னறுவை, பதுளை. அவற்றின் ஆசனங்கள் 107. மகிந்த ராஜபக்ச வென்ற 10 மாவட்டங்களுக்கு 89. ஆகவே வெற்றியாளர் மாறவில்லை, எல்லாம் சரிதானே என்று தோன்றும். ஆனால் கம்பஹாவுக்கு மட்டும் 18 ஆசனங்கள். அங்கே இருவருக்கும் இடையிலான வித்தியாசம் ஐயாயிரம் வாக்குகளுக்கும் குறைவு. அந்த ஒரு மாவட்டத்தில் இரண்டரை ஆயிரம் பேர் மாற்றி வாக்களித்திருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகி, மகிந்தவுக்கு 107, மைத்திரிபாலவுக்கு 89 என்று வந்திருக்கும். நாடு முழுவதும் சுமார் 4 இலட்சத்து 49 ஆயிரம் வாக்குகளால் முன்னிலையில் இருந்தவர் தோற்றிருப்பார்.

இப்போது அதே தாளில் திருகோணமலையைப் பாருங்கள். அந்தத் தேர்தலில் நம் மாவட்டத்தில் மைத்திரிபாலவுக்கு 70 வீதத்துக்கும் மேல் கிடைத்தது. அவருடைய முன்னிலை சுமார் 88 ஆயிரம் வாக்குகள். நாடு தழுவிய முன்னிலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு மாவட்டத்திலிருந்து போனது. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றவர்களின் ஒவ்வொரு புள்ளடியும் கொழும்பில் இடப்பட்ட புள்ளடிக்குச் சமமாக எண்ணப்பட்டதால்தான் அது நடந்தது. தேர்வாளர் குழு முறையில் அந்த 88 ஆயிரத்தின் பெறுமதி 196இல் 4. முன்னிலை 88 வாக்குகளாக இருந்தாலும் அதே 4தான். மறுபுறம், மகிந்தவுக்கு வாக்களித்த கால்பங்குக்கும் மேற்பட்ட மாவட்ட மக்களின் வாக்கு வாக்குச்சாவடியை விட்டு வெளியே போகாமலே செத்திருக்கும். அவர்களும் இந்த மாவட்டத்து மக்கள்தான். அவர்களுடைய வாக்கு வீணாவதை நான் நம் வெற்றியாகக் கருதமாட்டேன்.

விதி மாறினால் கட்சிகளின் நடத்தையும் மாறும், ஆகவே பழைய பெறுபேற்றைப் புதிய விதியில் போட்டுப் பார்ப்பது முழுமையான சான்றாகாது என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் எந்தத் திசையில் மாறும் என்பதையும் யோசிக்க வேண்டும். முடிவு முன்கூட்டியே தெரிந்த மாவட்டத்துக்கு எந்த வேட்பாளரும் வரத் தேவையில்லை. தமிழ் பேசும் வாக்காளரைத் தேடி இரு தரப்பும் நீர்கொழும்புக்கும் வத்தளைக்கும் புத்தளத்துக்கும் போயிருப்பார்கள். மட்டக்களப்புக்கோ திருகோணமலைக்கோ வந்து வாக்குறுதி கொடுக்க ஒருவருக்கும் அவசியம் இருந்திருக்காது. 2024 அமெரிக்கத் தேர்தலில் பிரசாரம் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கொன்சின், ஜோர்ஜியா, வட கரோலினா, அரிசோனா, நெவாடா என்ற ஏழு மாநிலங்களைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. பாதுகாப்புப் பெறுவதாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு மாநிலங்களான வயோமிங்கும் வெர்மொன்ட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

சிறுபான்மைப் பாதுகாப்பு என்ற வாதத்துக்கு இன்னும் சற்று நேரம் கொடுக்க விரும்புகிறேன், ஏனென்றால் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இந்த வாதத்தை அமெரிக்காவில் ஒரு காலத்தில் கறுப்பினத் தலைவர்கள் சிலரே முன்வைத்தார்கள். 1979இல் செனட் சபையில் நேரடித் தேர்தலுக்கான திருத்தம் வந்தபோது, நியூயோர்க், இலினோய், பென்சில்வேனியா போன்ற பெரிய மாநிலங்களில் இரு கட்சிகளும் சம பலத்தில் இருந்தன. அங்கே நகரங்களில் செறிந்து வாழ்ந்த கறுப்பினத்தவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் மாநிலம் முழுவதும் சாயும். அந்தப் பேரம் பேசும் வலுவை இழக்க அவர்கள் விரும்பவில்லை. அதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். திருத்தத்துக்கு ஆதரவாக 51, எதிராக 48. மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் அது வீழ்ந்தது. ஆனால் அந்த வலு அவர்கள் கையில் இருந்ததல்ல. மாநிலத்தின் ஏனைய வாக்காளர்கள் இரண்டாகப் பிரிந்திருந்த தற்செயலில் இருந்தது. நியூயோர்க்கும் இலினோயும் ஒரு பக்கமாகச் சாய்ந்தவுடன் அது கரைந்துவிட்டது. மிசிசிப்பியைப் பாருங்கள்: அங்கே சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பினத்தவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். 1980 முதல் 2024 வரை நடந்த 12 தேர்தல்களிலும் மிசிசிப்பியின் தேர்வாளர்கள் அனைவரும் குடியரசுக் கட்சிக்கே போனார்கள். ஐம்பது ஆண்டுகளை நெருங்கும் காலத்தில் அந்த மக்களுக்கு ஒரு தேர்வாளர்கூட இல்லை.

இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1969 செப்டெம்பரில் பிரதிநிதிகள் சபை நேரடித் தேர்தல் திருத்தத்தை 338க்கு 70 என்ற பெரும்பான்மையால் நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சனும் ஆதரவளித்தார். அடுத்த ஆண்டு செனட்டில் அதை வாக்கெடுப்புக்கு விடாமல் பேசிப் பேசியே இழுத்தடித்துக் கொன்றவர்களில் முன்னின்றவர்கள் ஸ்ட்ரோம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட், சாம் எர்வின் ஆகிய தென் மாநிலச் செனட்டர்கள். கறுப்பினத்தவரின் குடியியல் உரிமைச் சட்டங்களை எதிர்த்தவர்களும் இவர்களே. அவர்கள் ஏன் இந்த முறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்காத விடயமல்ல. அடிமைமுறை ஒழிந்த பின் ஐந்தில் மூன்று என்ற கணக்கும் ஒழிந்து, கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் முழு மனிதராக எண்ணப்பட்டார்கள். ஆகவே தென் மாநிலங்களின் தேர்வாளர் எண்ணிக்கை கூடியது. ஆனால் 1965 வரை அவர்களில் பெரும்பாலானோரை வாக்களிக்க விடவில்லை. தலைகள் எண்ணப்பட்டன, வாக்குகள் எண்ணப்படவில்லை. எவ்வளவு பேரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தினாலும் மாநிலத்தின் எடை குறையாது என்றால், வெளியே நிறுத்துகிறவருக்கு இழப்பு எதுவும் இல்லை.

கிழக்கு மாகாணத்தில் வாழ்கிற நமக்கு இது வெகு தொலைவுச் செய்தியாகத் தெரியக் கூடாது. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி முதலான இடங்களில் தற்காலிகக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தன. இடாப்பில் பெயர் ஓர் ஊரில், ஆள் வேறோர் இடத்தில், அடையாள அட்டை எங்கே போனதென்றே தெரியாத நிலை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம் மட்டுமே. நாடு முழுவதும் மகிந்த ராஜபக்சவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையிலான வித்தியாசம் 1 இலட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். தேர்வாளர் குழு முறை இருந்திருந்தால் யாழ்ப்பாணத்தின் எடை அப்படியே இருந்திருக்குமே என்று சிலர் சொல்வார்கள். இருந்திருக்கும், அந்த எடை முழுவதும் வாக்களித்த அந்த 1.21 வீதத்தினரின் கையில். நூற்றுக்கு ஒருவர் மாவட்டம் முழுவதற்கும் பேசும் ஏற்பாட்டை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். நேரடி முறையில் அந்த வாக்குகள் இழக்கப்பட்டது பெரும் இழப்புத்தான்; ஆனால் அந்த இழப்பு எல்லோர் கண்ணிலும் பட்டது, இன்றுவரை பேசப்படுகிறது.

தேர்வாளர் குழுவுக்கு ஆதரவான வாதங்களில் எனக்கு மதிப்புள்ளது ஒன்று உண்டு. அமெரிக்காவில் நம்முடைய தேர்தல் ஆணைக்குழுவைப் போல நாடு முழுவதற்கும் பொதுவான அமைப்பு தேர்தலை நடத்துவதில்லை. வாக்காளர் பதிவு, அடையாள அட்டை விதி, தபால் வாக்கின் காலக்கெடு, மீள எண்ணும் விதி எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல இடங்களில் மாவட்ட மட்டத்து அலுவலரே பொறுப்பு. நாடு தழுவிய வாக்குத் தொகையில் வெற்றி ஒரு சில ஆயிரங்களில் தங்கியிருந்தால் நாடு முழுவதும் மீள எண்ண வேண்டிவரும். அதை யார் கட்டளையிடுவது, எந்த விதிப்படி எண்ணுவது என்பதற்கு இன்று பதில் இல்லை. இப்போதைய முறை தகராறை ஒரு சில மாநிலங்களுக்குள் அடக்கிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அதே முறைதான் தகராறுக்கான வாய்ப்பைப் பெருக்கவும் செய்கிறது: ஒரு பெரிய எண்ணிக்கையில் நெருக்கமான முடிவு வருவது அரிது, ஐம்பது சிறிய எண்ணிக்கைகளில் ஏதாவது ஒன்றிரண்டு நெருக்கமாக வருவது வழமை. ஆகவே அமெரிக்கர்கள் முறையை மாற்றுவதானால் ஒரே வாக்காளர் தகுதியையும் ஒரே எண்ணும் விதியையும் அதோடு சேர்த்தே கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

அங்கே மாற்றம் வருவது எளிதல்ல. அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் காங்கிரஸின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டும், 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதலும் வேண்டும். அதைத் தவிர்த்துச் செல்லும் ஒரு வழியாக, நாடு முழுவதும் அதிக வாக்குப் பெற்றவருக்கே எங்கள் தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று சில மாநிலங்கள் தமக்குள் உடன்படிக்கை செய்திருக்கின்றன. 270 தேர்வாளர்களைக் கொண்ட மாநிலங்கள் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். 2024 ஏப்ரலில் மேய்ன் சேர்ந்தபோது எண்ணிக்கை 209 ஆனது. முயற்சி நேர்மையானது. இருந்தாலும் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. தன் மக்கள் தோற்கடித்த ஒருவருக்குத் தன் தேர்வாளர்களைக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போது ஒரு மாநிலச் சட்டசபை உடன்படிக்கையிலிருந்து நழுவப் பார்க்கும் என்பது ஒன்று. அதிக வாக்கு என்றால் போதும், பாதிக்கு மேல் வேண்டியதில்லை என்று அது விட்டிருப்பது மற்றொன்று.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் எதைக் கொண்டு மாற்றுவது என்ற கேள்வியில்தான் இலங்கையிடம் உலகம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது. பத்துப் பேர் போட்டியிட்டு 25 வீதம் பெற்றவர் நாட்டின் நிறைவேற்றுத் தலைவராவது நேரடித் தேர்தலின் பெரிய ஆபத்து. பிரான்சு இதற்கு இரண்டு சுற்றுகளை வைத்திருக்கிறது. ஆனால் 2002இல் இடதுசாரிகளின் வாக்கு பல வேட்பாளர்களிடையே சிதறியதால் ஜொஸ்பன் 16 வீதத்தோடு வெளியேற, தீவிர வலதுசாரியான லெ பென் சற்றே கூடுதலாகப் பெற்று இரண்டாம் சுற்றுக்குப் போனார். நம்முடைய 1978 அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரை வேறு வழியைக் காட்டுகிறது: வாக்காளர் ஒரே சீட்டில் 1, 2, 3 என்று தம் தெரிவுகளை இடலாம்; ஒருவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் முதலிருவர் தவிர ஏனையோர் நீக்கப்பட்டு, நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த தெரிவுகள் எண்ணப்படும். முதல் எட்டுத் தேர்தல்களில் இதற்குத் தேவையே வரவில்லை. 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருக்க, வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் கட்ட எண்ணிக்கை நடந்தது.

அதில் வெளிப்பட்டது எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது. ஏனைய வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் அநுரவுக்கோ சஜித்துக்கோ அடுத்த தெரிவாக எண்ணக்கூடியதாக இருந்தவை 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே, நூற்றுக்கு எட்டுத்தான். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகள் கிடைத்தன. நம் கோரிக்கையைப் பதிவு செய்வதற்கு முதலாவது தெரிவை அவருக்கு இட்டுவிட்டு, ஆட்சிக்கு வரக்கூடியவர்களில் யார் பரவாயில்லை என்பதை இரண்டாவது, மூன்றாவது தெரிவுகளில் சொல்லியிருக்கலாம். சட்டம் அந்த உரிமையை நமக்குத் தந்திருந்தது. பொது வேட்பாளரை ஆதரிப்பதா, வெல்லக்கூடியவரை ஆதரிப்பதா என்று இரண்டு மாதங்களாகப் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் நடந்த சண்டைக்கு அந்தச் சீட்டிலேயே விடை இருந்தது. ஆனால் பெரும்பாலானோர் ஒரு புள்ளடியோடு நிறுத்திக்கொண்டார்கள். புள்ளடியும் செல்லும், அது முதல் தெரிவாகவே எண்ணப்படும். ஆனால் அதோடு அந்தச் சீட்டின் வேலை முடிந்துவிடும். எல்லாக் கட்சிகளும் தமது சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி என்று மட்டும் சொல்லிக்கொடுத்துப் பழக்கியிருப்பதும், முப்பதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களின் பெயர்களோடு நீண்டு கிடக்கும் சீட்டும், இலக்கமிட்டால் வாக்கு நிராகரிக்கப்படுமோ என்ற பயமும் இதற்குக் காரணம். விதி நல்லது, பழக்கம்தான் இல்லை. அமெரிக்கர்கள் தேர்வாளர் குழுவை நீக்கி இந்த விதியை எடுத்துக்கொண்டால், மேய்னிலும் அலாஸ்காவிலும் இலக்கமிட்டு வாக்களிப்பது ஏற்கெனவே இருப்பதால், அவர்களுக்கு அது நம்மைவிட எளிதாகவே இருக்கும்.

நேரடித் தேர்தலில்தான் நமக்குப் பேரம் பேச இடமிருந்திருக்கிறது என்பதற்கு 1988 நல்ல சான்று. அந்த ஆண்டு டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாச 50.43 வீதத்தால்தான் வென்றார். அந்த இறுக்கமான போட்டியில் முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் அஷ்ரப் முன்வைத்த கோரிக்கையின் பயனாக, பாராளுமன்றத் தேர்தலில் ஆசனம் பெற ஒரு கட்சி எடுக்க வேண்டிய குறைந்தபட்ச வாக்குப் பங்கான மாவட்ட மட்ட வெட்டுப்புள்ளி எட்டில் ஒரு பங்கிலிருந்து இருபதில் ஒரு பங்காக, தேர்தலுக்கு முன்னரே 15ஆம் திருத்தத்தால் குறைக்கப்பட்டது. சிறிய கட்சிகள் இன்றும் அதன் நன்மையை அனுபவிக்கின்றன. பாதியைத் தாண்டியே தீர வேண்டும் என்ற விதி இல்லாவிட்டால் அந்தப் பேரம் நடந்திருக்காது.

மறைமுகத் தெரிவின் மிக மோசமான வடிவத்தையும் நாம் பார்த்துவிட்டோம். 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு ஓடிப் பதவி விலகியபின், எஞ்சிய காலத்துக்கான ஜனாதிபதியை ஜூலை 20ஆம் திகதி பாராளுமன்றம் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்தது. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமாரவுக்கு 3. தன் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்திருந்த ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனத்தில் வந்தவர் ரணில். 2020 ஓகஸ்டில் வேறு நிலைமையில் தெரிவான உறுப்பினர்கள் அவருக்குக் கொடுத்தது முழுமையான நிறைவேற்று அதிகாரம். அவருடைய பொருளாதார நடவடிக்கைகள் சரியா பிழையா என்பது இங்கே கேள்வியல்ல. நம் மாவட்டத்தின் நான்கு உறுப்பினர்களில் யார் யாருக்கு வாக்களித்தார் என்பதைக்கூட வாக்காளரால் சீட்டைப் பார்த்து உறுதிசெய்ய முடியாத ஒரு வாக்கெடுப்பில், முப்படைகளின் தலைமையும் அமைச்சரவையின் தலைமையும் கைமாறின. அரசியலமைப்பு அனுமதித்தது, ஆயினும் அந்த அளவு அதிகாரத்தை அந்த வழியாகக் கொடுக்கக் கூடாது.

அதிகாரம் இல்லாத ஜனாதிபதி என்றால் என் பதில் மாறிவிடும். இந்தியாவில் பாராளுமன்ற உறுப்பினர்களும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து, 1971 குடிசன மதிப்பின்படி பெறுமதி கணிக்கப்பட்ட வாக்குகளால் குடியரசுத் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். 1969இல் வி. வி. கிரி இரண்டாம் தெரிவு வாக்குகளாலேயே வென்றார். ஜெர்மனியில் பாராளுமன்ற உறுப்பினர்களும் அதே எண்ணிக்கையில் மாநிலச் சட்டசபைகள் அனுப்புகிறவர்களும் கூடித் தெரிவு செய்கிறார்கள். இத்தாலியில் பிராந்தியப் பிரதிநிதிகளும் சேர்ந்துகொள்ள, முதல் மூன்று வாக்கெடுப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கப்படுகிறது. இத்தகைய பதவிக்கு நேரடித் தேர்தல் வைத்தால் ஆபத்து: கோடிக்கணக்கானோரின் ஆணை பெற்று வந்தவர் கையெழுத்து வைத்துக்கொண்டு மட்டும் சும்மா இருக்கமாட்டார்.

தேசிய மக்கள் சக்தி 2024 தேர்தலில் கொடுத்த வாக்குறுதியும், நிறைவேற்று அதிகாரத்தை ஒழித்து, அதிகாரமற்ற ஜனாதிபதியைப் பாராளுமன்றம் தெரிவு செய்யும் ஏற்பாட்டைக் கொண்டுவருவதுதான். கொள்கையளவில் நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அந்த ஜனாதிபதியைச் சாதாரணப் பெரும்பான்மையால் பாராளுமன்றம் மட்டும் தெரிவு செய்தால், ஆளும் கட்சி தன் மூத்தவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளும். வடக்கு கிழக்குக்கு அதில் எந்தப் பங்கும் இராது, இப்போதிருக்கும் பேரம் பேசும் வலுவும் போயிருக்கும். ஆகவே இரண்டு நிபந்தனைகள் அவசியம்: தெரிவுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், தெரிவு செய்யும் குழுவில் மாகாண சபை உறுப்பினர்களும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனைக்கு முதலில் மாகாண சபைகளில் உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். திருகோணமலையில் செயலகத்தைக் கொண்டுள்ள கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்திவருகிறார்கள். புதிய அரசியலமைப்பு வரைவு எப்போது வந்தாலும் அதில் ஜனாதிபதித் தெரிவைப் பற்றிய பகுதியைப் படிப்பவர்கள், அந்தத் தெரிவுக் குழுவில் மாகாணங்களின் பெயர் இருக்கிறதா என்பதையும், மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.